கதவைத் திறந்தால் வெக்கை வந்துவிடும்

எங்கள் தெருவில் பயந்தாங்கொள்ளி யார் என்று கேட்டால் நிர்மலா வீட்டை, அதாவது என் வீட்டைத்தான் கை காட்டுவார்கள். அது பொய்யில்லை. கேஸை மூடினேனா என்று படுத்த பிறகும் எழுந்து போய்ப் பார்ப்பேன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிற என் வீட்டுக்காரர் வர நேரமானால் பைபாஸில் போகிற லாரியெல்லாம் என் கண்ணுக்குள் ஓடும், பிள்ளைக்குத் தும்மல் வந்தால் எனக்குக் காய்ச்சல் வரும். ஆனால் பேய், பிசாசு, காத்து கருப்பு, இதற்கெல்லாம் நான் பயந்ததே கிடையாது. என் பயமெல்லாம் நிஜமாக நடக்கக்கூடியதற்குத்தான். அதற்கே பொழுது போதவில்லை, நடக்காததற்கு வேறு எங்கே பயப்படுவது? யாராவது அந்த மாதிரி கதை சொன்னால், வெயிலில் தலை காய்ந்திருக்கிறது, போய் மோர் குடி என்று சொல்லிவிட்டுத் தையல் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவேன். இப்போது நான் சொன்னால் நீங்களும் எனக்கு மோர்தான் கொடுப்பீர்கள். கொடுங்கள், குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

எங்கள் வீடு தேர் வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது. என் மாமனார் காலத்துக்கும் முந்தின வீடு. தேக்குக் கட்டைகளை வரிசையாக அடுக்கி மேலே செங்கல் குத்தி சுண்ணாம்பு போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ். மாமனார் போன பிறகு என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் சண்டை சச்சரவு இல்லாமல் பாகம் பிரித்துக்கொண்டார்கள். முன்பக்கம் எங்களுக்கு, பின்பக்கம் தம்பிக்கு. தம்பி வீட்டுக்குப் பக்கத்துச் சந்து வழியாக வாசல், எங்கள் பின்கட்டுக் கதவும் அந்தச் சந்தில்தான் திறக்கும். கூடத்தின் நடுவில் ஒரு சுவர் எழுப்பினார்கள். ஆனால் அந்தச் சுவரை மச்சு வரைக்கும் முட்டவிடவில்லை. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு வழக்கம், பாகச் சுவருக்கும் மச்சுக்கும் நடுவில் கை நுழைகிற அளவு சந்து விடவேண்டும், முட்டிவிட்டால் உறவும் அதோடு முடிந்தது என்று சொல்வார்கள். அந்தச் சந்து வழியாக அவர்கள் வீட்டில் தாளித்தால் எனக்குத் தும்மல் வரும், நான் மெஷின் ஓட்டினால் அவர்களுக்குத் தூக்கம் போகும். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

தம்பி பெண்டாட்டி பெயர் வித்யா. வேங்கிக்காலில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட். படித்தவள், நல்லவள்தான், அதையும் நானே சொல்லிவிடுகிறேன். என்னை வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. எனக்கு ஒரே பெண், காவ்யா. வித்யாவுக்குக் காவ்யா என்றால் உயிர். அந்த உயிரில்தான் எனக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது.

இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் இருக்கும். வெயில் அந்த வருஷம் மாசி முடியுமுன்பே பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் மலையடிவாரம் என்று தெரியுமே, பகலெல்லாம் மலை வாங்கி வைத்துக்கொள்கிற சூட்டை ராத்திரியெல்லாம் திருப்பிக் கொடுக்கும். வித்யா லோன் போட்டு அவர்கள் பக்கத்தை மாற்றினாள். மொட்டை மாடியில் அவர்கள் பாதிக்கு மட்டும் ஏதோ வெள்ளைப் பெயின்ட் அடித்தார்கள், கண் கூசும். உள்ளே மச்சுக்குக் கீழே அட்டை போட்டு மறைத்தார்கள். ஜன்னல் ஓரம், கதவு ஓரம், ஒயர் நுழைகிற ஓட்டை என்று ஒன்று விடாமல் நுரை அடித்து மூடினார்கள். கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை. கடைசியாகப் பாகச் சுவருக்கு மேலே இருந்த சந்திலும் தெர்மாகோலைச் செருகிவிட்டார்கள். வேலை செய்ய வந்த ஆள் கத்திச் சொன்னது எனக்கு இந்தப் பக்கம் கேட்டது, "மேடம், சந்து பொந்து ஒண்ணு விட்டாலும் ஏசி போட்டுப் பிரயோஜனம் இல்ல. மொதல்ல வெக்கை உள்ள வர்ற வழிய அடைக்கணும்."

அடைத்தார்கள். அதற்கப்புறம் அவர்கள் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. ஏசி ஓடுகிற உர்ர்ர் மட்டும்தான். கரண்ட் போனால் மட்டும் தெர்மாகோலைத் தாண்டிப் பேச்சுக் குரல் கேட்கும்.

நான் வடகம் காயவைக்க மாடிக்குப் போவேன். எங்கள் பாதியில் கால் வைக்க முடியாது, பொரிந்துவிடும். அவர்கள் பாதியில் வெறும் காலோடு நிற்கலாம். யாரும் இல்லாத நேரத்தில் அந்த வெள்ளையில் போய் நின்று பார்ப்பேன். நிற்கும்போது நன்றாக இருக்கும், அந்த நன்றாக இருப்பதே எனக்கு எரியும். காக்கா குருவி கூட அந்தப் பாதியில்தான் உட்காரும். நம்பினால் நம்புங்கள், குருவிமேல் பொறாமைப்பட்டவள் நான்.

காவ்யா அப்போது பதினொன்று முடித்துப் பன்னிரண்டாவது பாடத்தை லீவிலேயே ஆரம்பித்திருந்தாள். முதலில் மத்தியானம் மட்டும் சித்தி வீட்டில் போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்றாள். சரி, இந்த வெக்கையில் பிள்ளை எப்படிப் படிக்கும் என்று நானே அனுப்பினேன். பிறகு தலையணை போனது. பிறகு போர்வை. வெயில் காலத்தில் போர்வை எதற்கடி என்றால், "ஏசியில குளிருதும்மா" என்றாள். எங்கள் வீட்டில் நான் முந்தானையைப் பிழிந்து நெஞ்சில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், சுவருக்கு அந்தப் பக்கம் என் பிள்ளை குளிருகிறது என்று போர்த்திக்கொள்கிறாள்.

சாப்பிட மட்டும் வருவாள். தட்டு காய்வதற்குள் எழுந்துவிடுவாள்.

"ஏண்டி, செத்த நேரம் உக்காந்துதான் போயேன். என்னா அவசரம்?"

"வேர்க்குதும்மா."

"நான் உக்காந்துனு இல்ல?"

"உனக்குப் பழக்கம்மா."

பழக்கமாம். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் எத்தனை ரவிக்கைக்குக் கை தப்பாக வெட்டினேன் தெரியுமா?

எதிர் வீட்டு சரோஜா அக்கா வேறு எரிகிறதில் எண்ணெய் ஊற்றுவாள். "இன்னா நிர்மலா, பொண்ண தத்து குடுத்துட்டியா? அவ ஸ்கூட்டில ஏத்தினு போய் ஐஸ்கிரீம் வாங்கித் தரா, அம்மாவும் பொண்ணுமா அவ்ளோ அழகா இருக்குது போ" என்பாள். சிரித்துக்கொண்டே சொல்வாள். நானும் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து பல்லைக் கடிப்பேன். ராத்திரியெல்லாம் யோசனை ஓடும். இன்றைக்குத் தலையணை, நாளைக்கு மனசு. படித்த சித்தி, ஸ்கூட்டி வைத்திருக்கிற சித்தி, குளுகுளு வீட்டுச் சித்தி. நான் யார், எட்டாவதோடு நின்றவள், வேர்த்து வழிகிறவள். அந்தப் பக்கம் போன பிள்ளை இந்தப் பக்கம் திரும்பியே வராது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

சரி, அவள் வீடு மாதிரி என் வீட்டையும் ஆக்கிவிட்டால் பிள்ளை வந்துவிடும் என்று முடிவு செய்தேன். ஏசிக்கு வக்கில்லை. ஆனால் சந்து பொந்தை அடைக்க நம்மால் முடியாதா? அந்த ஆள் சொன்னது காதில் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சாமான் விற்கிற கடையில் தெர்மாகோல் அட்டை வாங்கி வந்து மச்சுக் கட்டைகளுக்கு நடுநடுவே ஒட்டினேன். எங்கள் பாதி மாடிக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைத்துப் பசை கலந்து நானே துடைப்பத்தால் அடித்தேன். ஜன்னல் இடுக்கில் எல்லாம் வெட்டுத்துணியைத் திணித்தேன், அது நம் வீட்டில் மூட்டையாகக் கிடக்கிறதே. மேலே இருந்த வென்டிலேட்டர் எல்லாவற்றையும் அட்டை வைத்து ஆணியடித்தேன். பாகச் சுவர் சந்தில் அவர்கள் செருகினதற்கு இந்தப் பக்கம் நானும் துணி அடைத்தேன். வாசல் கதவுக்குப் பழைய புடவைகளை அடுக்கி மெத்தை மாதிரித் தைத்து உள்பக்கம் தொங்கவிட்டேன், தரையில் ஒரு முழம் புரளும். தையல்காரி இல்லையா, அது மட்டும் பார்க்க நன்றாகவே இருந்தது.

என் வீட்டுக்காரர் வந்து நின்று பார்த்தார். சட்டையைக் கழற்றினார். "ஏண்டி, குடும்பம் நடத்தப் போறியா, இட்லி அவிக்கப் போறியா?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அது அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. இந்த மாதிரிப் பழைய வீடு மேலே இருக்கிற வென்டிலேட்டர் வழியாகத்தான் மூச்சு விடும், உள்ளே ஏறின சூடு ராத்திரி அந்த வழியாகத்தான் வெளியே போகும். மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தது நல்லது, அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திவிட்டேன். அடுப்புச் சூடு, எங்கள் மூச்சு, இஸ்திரிப் பெட்டி, எல்லாம் உள்ளேயே கிடந்து புழுங்கியது.

காவ்யாவைக் கூட்டி வந்து காட்டினேன். ஒரு சுற்று பார்த்தாள். "அம்மா, மூச்சு முட்டுதும்மா" என்றாள். அவ்வளவுதான். அவள் பின்னாலேயே வந்த வித்யா, "அக்கா, எதுக்கு அக்கா இவ்ளோ கஷ்டப்பட்றீங்க? நீங்களும் அங்கேயே வந்து படுத்துக்கலாம் இல்ல? ரூம் பெருசுதான" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு அது கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது. என் பிள்ளை பக்கத்தில் படுக்க எனக்கே இவள் இடம் கொடுக்கிறாளா?

ஒன்றையும் பிரிக்கவில்லை. வீம்புக்கு அப்படியே விட்டேன்.

கத்திரி வெயில். ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரர் சவாரிக்குப் போய்விட்டார். வித்யா புருஷன் ஏதோ வேலையாகக் கீழ்பென்னாத்தூர் போயிருந்தார். மத்தியானம் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிப் பின்கட்டுக் கதவைத் தாழ் போட்டேன். போட்டேன் என்று அடித்துச் சொல்கிறேன், ஏனென்றால் போட்ட பிறகு இரண்டாவது தடவையும் போய் இழுத்துப் பார்த்தேன், அதுதான் என் புத்தி. வாசல் கதவையும் சாத்தித் தாழ் போட்டு மெத்தையை இறக்கிவிட்டேன். காவ்யா அந்தப் பக்கம் சித்தியோடு இருக்கிறாள் என்று நினைப்பு. அவள் காலையிலேயே சிநேகிதியோடு கோயிலுக்குப் போனது எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லவில்லை, சித்தியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

படுத்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. அந்தப் பக்கம் ஏசியும் நின்றது. தெருவில் ஒரு சத்தம் இல்லை. மூடின வீட்டில் அந்த இருட்டும் வெக்கையும், எனக்கு உடம்பே ஊறுகாய் ஜாடிக்குள் இருக்கிற மாதிரி. எழுந்து உட்கார்ந்தேன். ஒரு வென்டிலேட்டரையாவது பிரிக்கலாமா என்று நினைத்தேன். அப்போதுதான் குளிர்ந்தது.

காற்று வரவில்லை. எதுவும் அசையவில்லை. பானையில் கை விட்டால் விரலில் ஏறுமே, அந்த மாதிரிக் குளிர்ச்சி தரையிலிருந்து மெதுவாக ஏறி என் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. வேர்வை நின்றுபோனது. அடடா, நாம் அடைத்தது கடைசியில் வேலை செய்துவிட்டதே என்று சந்தோஷம்தான் வந்தது எனக்கு. சத்தியமாகப் பயம் வரவில்லை.

பக்கத்தில் பாயில் காவ்யா படுத்திருந்தாள்.

"எப்ப வந்த?"

"இப்பதான்."

"எப்பிடி வந்த?"

"பின்னாடிதாம்மா."

தாழ் போட்டேனே என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. கேஸை நாலு தடவை பார்க்கிறவளுக்கு அது தோன்றவில்லை, பாருங்கள்.

"ஏசி நின்னு போச்சினு வந்தியா?"

"இல்லம்மா. இங்கதான் ஜில்லுனு இருக்குது."

"சித்தி வீட்டவிடவா?"

"அதவிட ஜாஸ்தி."

உலகத்தையே யாரோ என் பேருக்கு எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. அவள் நகர்ந்து வந்து என் மடியில் தலை வைத்தாள். எத்தனை நாளாயிற்று அவள் அப்படிப் படுத்து. நல்ல கனம். தலைமுடி ஈரமாக இல்லை, ஆனால் ஜில்லென்று இருந்தது, தடவத் தடவ என் விரல் நுனி மரத்துப்போனது. நான் தடவிக்கொண்டே இருந்தேன். அவள் பேச ஆரம்பித்தாள். எல்லாம் எனக்குப் பிடித்த பேச்சு. சித்தி குழம்பு வாயில் வைக்க முடியவில்லை, சித்தி சிரிப்பு பொய்ச் சிரிப்பு, சித்தி வாங்கித் தந்த சுடிதார் தையல் உன் தையல் மாதிரி வருமா என்று. எனக்கு வெல்லம் தின்ற மாதிரி இருந்தது.

"சித்தி என்னா பண்ணும் தெரியுமாம்மா?" என்றாள். "நான் தூங்கிட்டேன்னு நெனச்சினு என் தலமாட்டுல வந்து உக்காரும். உக்காந்து, நீ எனக்குனு பொறப்பட்டு வந்தவடி, வழி தெரியாம அங்க போய் பொறந்துட்டன்னு சொல்லும். சொல்லிட்டு அழுவும்."

அந்த அழுகையை அப்படியே அழுது காட்டினாள். மூக்கை உறிஞ்சி, தேம்பி, வித்யா மாதிரியே. எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. வாய் விட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். மறுபடியும் அழுது காட்டு என்றேன். காட்டினாள்.

அப்போது வாசல் கதவை யாரோ தட்டினார்கள்.

"அம்மா! கதவத் தெற! கால் எரியுதும்மா!"

முதலில் யார் வீட்டுப் பிள்ளையோ என்றுதான் நினைத்தேன். மறுபடியும் தட்டு. "அம்மா! நாந்தாம்மா! செருப்பு போச்சும்மா! தெறம்மா, நிக்க முடியல!"

காவ்யா குரல்.

குனிந்து பார்த்தேன். என் மடியில் காவ்யா. காது, கன்னத்து மச்சம், கழுத்தில் சின்ன வயதில் சூடு பட்ட தழும்பு. எல்லாம் இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெறக்காதம்மா" என்றாள். "வெக்கை உள்ள வந்துடும்."

வெளியே தட்டுகிற சத்தம் ஜாஸ்தியானது. எங்கள் வாசல் படி ஒற்றைக் கருங்கல், அந்த நேரத்து வெயிலில் அதில் அப்பளம் சுடலாம். அந்தக் கல்லில் வெறும் காலோடு ஒரு பிள்ளை குதித்துக்கொண்டிருக்கிறது. எழுந்திருக்கப் பார்த்தேன். மடியில் கனம் கூடியது.

"அவ வந்தா உன்னாண்ட இருக்கவா போறா? உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டு சித்தியாண்டதான் போவா. நான் இருக்கறேன் இல்ல?"

நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பேச்சில் ஒரு பொய்யும் இல்லை. வெளியே நிற்கிறவள் வருவாள், வேர்க்கிறது என்பாள், போய்விடுவாள். மடியில் இருக்கிறது என்னவோ, யாரோ, ஆனால் இது போகாது. ஒரு பெற்றவள் இரண்டு குரலையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம்தான், ஆனால் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே தட்டுவது நின்றது. கத்தலும் நின்றது. கதவுக்கு அடியில், நான் புரளவிட்ட மெத்தைக்கு அந்தப் பக்கம், "அம்மா" என்று ஒரு தேம்பல், யாரையும் கூப்பிடுகிற மாதிரி இல்லாமல்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. மெத்தையைக் கிழித்துத் தாழை இழுத்தேன். செங்கல் சூளை வாயைத் திறந்த மாதிரி வெக்கை முகத்தில் அடித்தது. காவ்யா படியில் உட்கார்ந்து இரண்டு காலையும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிவந்து, பாவாடையெல்லாம் புழுதி. திரும்பிப் பார்த்தேன். பாயில் யாரும் இல்லை. குளிர்ச்சியும் இல்லை. என் புடவை மட்டும் மடிப் பக்கம் ஜில்லென்று இருந்தது.

அவளை இழுத்து உள்ளே விட்டுக் காலில் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்திருந்தது. கோயில் வாசலில் விட்ட செருப்பை யாரோ போட்டுக்கொண்டு போய்விட்டார்கள், சிநேகிதி வேறு பக்கம் போய்விட்டாள், இவள் நிழல் பார்த்து ஓடி ஓடி வந்திருக்கிறாள். சித்தி வாசலுக்குச் சந்தைச் சுற்றிக்கொண்டு போக முடியாமல் எங்கள் கதவைத் தட்டியிருக்கிறாள்.

"எம்மா நேரம்மா தட்டறது! உள்ள யாரு இருந்தாங்க?"

"யாரும் இல்லடி."

"பொய் சொல்லாத. பேசினு இருந்த. அப்பிடி சிரிச்ச."

நான் பதில் சொல்வதற்குள் வித்யா வந்து நின்றாள். அவளும் செருப்பு போடாமல் சந்தைச் சுற்றி ஓடி வந்திருக்கிறாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை, காவ்யாவைத்தான் பார்த்தாள்.

"நான் அத சொல்றப்ப தூங்கல இல்ல நீ? முழிச்சினுதான் இருந்த இல்ல?"

"என்னா சித்தி?"

"அந்த வார்த்தைய நான் என் வீட்டுக்காரர்கிட்டகூட சொன்னதில்லடி. கரண்டு போச்சு, எல்லாம் கேட்டுது எனக்கு. உங்கம்மாவ சிரிக்க வக்கிறதுக்கு என் அழுவதான் கெடச்சுதா?"

"சித்தி, நான் இப்பதான் வரேன். கால பாரு சித்தி."

"பின்னாடி கதவால போய் முன்னாடி வந்து தட்டத் தெரியாதா உனக்கு? உன் கொரல் எனக்குத் தெரியாதா?"

நான் சொன்னேன். அங்கேயே, அப்போதே, நடந்தது நடந்தபடி சொன்னேன். பின்கட்டுத் தாழைக் கூட்டிப் போய்க் காட்டினேன். போட்டபடியே இருந்தது. வித்யா தாழைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பொண்ண காப்பாத்தறதுக்குப் பேய்க் கதையா அக்கா? நீங்க என்மேல பொறாமப்பட்டீங்கனு எனக்குத் தெரியும். அவ என்ன அக்கா பண்ணா? அவளயும் உங்க மாதிரி ஆக்கிட்டீங்களே" என்றாள்.

அதற்கப்புறம் நான் யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான். அடைத்துவைத்த வீட்டில் காற்றில்லாமல் மூளை கலங்கிவிட்டது, கனவு கண்டிருக்கிறாய் என்பார்கள். காவ்யா காலுக்கு மருந்து போடப் போன ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னார்கள், முதலில் வென்டிலேட்டரைத் திற என்று. சரி, எனக்கு மூச்சு முட்டி மயக்கம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு எப்படிக் கேட்டது? என் கனவு அவள் காதில் எப்படி விழும்? அவள் தூங்குகிற பிள்ளையிடம் மட்டும் சொன்ன வார்த்தை எனக்கு எப்படித் தெரியும்? காவ்யா சாமி படத்தின்மேல் அடித்துச் சத்தியம் செய்தாள், அப்படி ஒரு வார்த்தையை அவள் கேட்டதே இல்லை என்று. நான் அவளை நம்புகிறேன். வித்யா நம்பவில்லை.

தெர்மாகோலை எல்லாம் பிய்த்து எறிந்தேன். வென்டிலேட்டர் எல்லாம் திறந்துதான் கிடக்கிறது. மாடிச் சுண்ணாம்பை மட்டும் வருஷா வருஷம் அடிக்கிறோம், அது குறைசொல்ல முடியாது, கொஞ்சம் சூடு கம்மி. வித்யா கொத்தனாரைக் கூப்பிட்டுப் பாகச் சுவர் சந்தைச் செங்கல் வைத்து மச்சு வரைக்கும் பூசிவிட்டாள். காவ்யாவின் தலையணையும் போர்வையும் மடித்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். பார்த்தால் இப்போதும் தலையை ஆட்டுவாள், அக்கா என்று கூப்பிடுவதில்லை.

பிள்ளை என்னிடமே திரும்பி வந்துவிட்டது. நான் கேட்டது அதுதானே, கிடைத்துவிட்டது. ஆனால் சித்தி முகம் திருப்பிக்கொண்ட அந்தக் கோடை முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது வேலூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். லீவுக்கு வருவாள், எனக்குக் காய் நறுக்கித் தருவாள், ரவிக்கைக்குக் காஜா எடுத்துப் பட்டன் கட்டித் தருவாள், ஒரு குறையும் இல்லை. போன கோடையில் வந்திருந்தபோது ஒரு மத்தியானம், கதவு ஜன்னலெல்லாம் திறந்து கிடக்க, இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். "வாடி, செத்த நேரம் படு" என்று மடியைத் தட்டினேன். வந்து படுத்தாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். சூடாக, வேர்வையோடு, என் பிள்ளை தலை. கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏண்டி?"

"வேணாம்மா."

"ஏன், என்னா ஆச்சி?"

அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "அன்னிக்கி வெளிய நின்னு கேட்டேம்மா. நீ அப்பிடி சிரிச்சு நான் கேட்டதே இல்ல. என்னாண்ட நீ அப்பிடி சிரிச்சதே இல்ல" என்றாள். அப்புறம் முடியை முடிந்துகொண்டே, "இப்பவும் நீ தலய தடவறப்ப, வேற யாரயோ தேடற மாரி இருக்குதும்மா" என்றாள்.

இல்லையடி என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் விரலைப் பார்த்தேன். அன்றைக்கு மரத்துப்போன அந்த நுனி இப்போதும் ஜில்லென்ற முடியைத்தான் தேடிக்கொண்டிருந்தது.